போக்காடு

இரும்புலியூர் சபையின் மாத இதழில் ஐசக் ஒன்பது வருடமாக ஒரு பக்கம் எழுதுகிறார். ஓர் ஆங்கிலச் சொல் எங்கே பிறந்தது, எப்படிப் பொருள் மாறியது என்று சொல்லும் பக்கம். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவருக்கு அது தண்ணீர்பட்ட பாடு.

இந்த மாதச் சொல் ‘ஸ்கேப்கோட்’. பிறர் பழியைச் சுமப்பவர் என்று இன்று பொருள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் லேவியராகமத்தை ஆங்கிலமாக்கியவர், தப்பிப் போகும் ஆடு என்று கட்டிய சொல். நம் வேதாகமத்தில் அது போக்காடு. இரண்டு ஆடுகளில் ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்ட பிறகே வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள்.

அதை எழுதியதும் பேனா நின்றது. ரோஸியை அனுப்பியபோது அந்த அறிக்கைகூட இல்லை.

ரோஸி சபை அலுவலகத்தில் இதழை டைப் செய்து பக்கம் அமைத்தவள். மூன்று வருடத்துக்கு முன், எண்பதாவது பிறந்தநாள் கொண்டாடிய ஆபேல் பெரியவரின் படம் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் வந்துவிட்டது.

“வாரா வாரம் முன் பெஞ்சுல உக்கார்றவன்யா நானு! எனக்கு அஞ்சலியா? இன்னா அவசரம் உங்களுக்கு?” என்று கமிட்டியில் குதித்தார் அவர்.

சிரித்தவர்கள் பிறகு ரோஸியைப் பார்த்தார்கள். பிறந்தநாள் படத்தையும் அஞ்சலிப் படத்தையும் கவர் மாற்றிப் போட்டு அவளிடம் கொடுத்தவர் ஐசக். அச்சுக்கு முன் பார்த்துக் கையெழுத்திட்டவரும் அவரே. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரோஸிக்கு வேலை போயிற்று. பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் சேர்ந்தாள். போன மாதம் மாரடைப்பில் இறந்துபோனாள்.

இப்போது வாசலில் அவள் மகள் ஜெரூஷா நின்றாள், கையில் அம்மாவின் படத்தோடு.

“அங்கிள், அம்மா அஞ்சலிக்கு நீங்களே நாலு வரி எழுதிக் குடுங்க. இந்த வாட்டியாவது படம் சரியான பக்கத்துல வருமான்னு தம்பி கிண்டல் பண்றான்.”

“அந்தத் தப்பு அம்மா பண்ணலம்மா. கவர மாத்திப் போட்டது நான். கமிட்டில வாயத் தொறக்கல.”

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான் தூக்கக் கலக்கத்துல மாத்திட்டேன் போலன்னு அம்மாவே நம்பிட்டாங்க அங்கிள். கடைசி வரைக்கும்.”

ஐசக் பேனாவை எடுத்தார்.

“நாலு வரி வேணாம். இப்ப எங்கிட்ட சொன்னத போடுங்க. உங்க பேரோட.”

படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஐசக் ஒரு புதுத் தாளை எடுத்தார். பின்வாங்கிவிடுவோமோ என்ற பயத்தில், முதலில் தன் பெயரை எழுதினார்.