எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்கவில்லை

சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்றானபோது விசைத்தறி வேலையை விட்டேன். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் சங்கரன்கோவிலிலேயே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். அங்கிருந்த சிஸ்டருக்கு என் இடது கை மனப்பாடம். "அண்ணாச்சி, அந்தப் பக்கம் பாத்துக்கிடுங்க" என்பார். நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்புவதற்குள் ஊசி ஏறியிருக்கும். முடிந்ததும் ஆட்டோவில் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன்.

ஒருநாள் அங்கே காப்பீட்டு வேலை பார்ப்பவர் ஒரு தாளை நீட்டினார். வழக்கமான தாள்தான் என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் போனால், "உங்க பேரு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு மாறிட்டு. இனிமே அங்கனதான்" என்றார். சிஸ்டர் என் பழைய சீட்டுகளை அடுக்கி ஒரு கவரில் போட்டுத் தந்தார்.

திருநெல்வேலியில் பெரிய கட்டடம், புது மிஷின். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் ஊசி போட்டார்கள். ஒருமுறை நரம்பு தப்பி, முழங்கை வரை நீலம் பாரித்து வீங்கியது. திரும்பும்போது பஸ்ஸில் தலை சுற்றும். ஊர் வரும்வரை மனைவியின் தோளில் சாய்ந்திருப்பேன்.

அவள்தான் சொன்னாள், "நம்மகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே. போய்க் கேப்போம்."

தென்காசி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தோம். அங்கிருந்த அதிகாரியம்மா, நான் கையெழுத்துப் போட்ட தாளைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்கதான சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றார்.

"போட்டேம்மா. எந்த ஆஸ்பத்திரி வேணும்னு என்னைய யாரும் கேக்கலை."

அவர் தாளை மறுபடியும் வாசித்தார். "காப்பீட்டுப் பட்டியல்ல இருக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் நீங்க போலாம். அதைச் சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கியிருக்கணும்."

ஒரு மாதத்தில் என் பெயர் ஊருக்குத் திரும்பியது. அன்றைக்கு நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். படுத்துக் கையை நீட்டினால், வந்தது வேறொரு பெண். "அந்த அக்காவுக்கு சவூதி விசா வந்துட்டு. போன வாரம்தான் போனாங்க" என்றாள். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே குத்த வேண்டும் என்று நானே காட்டினேன்.

இப்போது அவளுக்கும் பழகிவிட்டது. சிஸ்டரின் நம்பரை என் மனைவி வாங்கி வைத்திருக்கிறாள். "பேசுங்களேன்" என்கிறாள். சவூதியில் இந்நேரம் யார் கையைப் பிடித்து நரம்பு பார்த்துக்கொண்டிருப்பாரோ என்று நினைத்துக்கொள்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.