முதலில் பேசாதவர்கள்

ஜப்பானின் மட்சுவே நகரத்தில் ரூபி என்ற கணினி மொழியில் நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் வாயே திறக்காதவர் யார் என்று கேட்டால், நோட்சு ககுஜியைத்தான் காட்டுவார்கள். வயது ஐம்பத்தேழு. மனைவி இறந்து நான்கு வருடம். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அலுவலகமே கதி என்று இருந்தார் என்பதற்காக, ஒரே மகள் சிஹாரு பேச்சை நிறுத்திவிட்டாள். கோபம் நியாயமானது என்று இவருக்கும் தெரியும்.

நாற்பது நாளைக்கு முன் அவளிடமிருந்து ஓர் அட்டை வந்தது. வீடு மாறினால் எல்லோருக்கும் போடுகிற அச்சடித்த அட்டை. சப்போரோ விலாசம், புதுத் தொலைபேசி எண். அச்சுக்குக் கீழே கையால் இரண்டு வார்த்தை எழுதுவது வழக்கம். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. மகள் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்த மனிதர், அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் போட்டதில் நமக்கும் ஒன்று, விருப்பமிருந்தால் அவளே கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டார். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? தினமும் மாலை சிப்பிச் சாறும் சோறும் தனியே தின்றார். வீட்டில் மனிதக் குரல் கேட்கட்டும் என்று தொலைக்காட்சியை ஓடவிட்டார்.

அப்போது கையில் இருந்தது ஷின்ஜி ஏரிச் சிப்பிக்காரர்களின் வேலை. ஏரிக்குள் மிதக்கும் கருவிகள் தண்ணீரின் உப்பை அளந்து கரையிலிருக்கும் கணினிக்குச் சொல்ல வேண்டும். கரைப்பக்கம் நோட்சுவுடையது. கருவிப்பக்கம் வேறொரு கம்பெனியின் அடாச்சி மிட்சுகோ அம்மாளுடையது. இணைப்பு கிடைத்ததும் யாருடைய நிரல் முதலில் பேசுவது என்ற கேள்வி கூட்டத்தில் வந்தது. உங்கள் வசதிப்படி என்றார் இவர். இல்லை, உங்கள் வசதிப்படி என்றார் அம்மாள். இருவரும் குனிந்து வணங்கிக் கலைந்தார்கள்.

சோதனை நாளன்று காலை பத்து மணிக்கு இணைப்பு கிடைத்தது. அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. ரூபியில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வரியை வாங்க ஒற்றைச் சொல் போதும். ஆனால் வரி வரும்வரை அது இடத்தைவிட்டு அசையாது. இரண்டு பேருமே முதலில் அந்தச் சொல்லைத்தான் எழுதியிருந்தார்கள். கம்பியைச் சந்தேகித்தார்கள், கருவியைத் திட்டினார்கள். பதினொன்றரைக்குத்தான் ஒருவர் திரையை மற்றவர் பார்த்தார்.

"நீங்க ஆரம்பிப்பீங்கன்னு விட்டுக்கொடுத்தேன், நோட்சு சான்," என்றார் அம்மாள். "நீங்களும் எனக்கு விட்டுக்கொடுத்தீங்களாக்கும். நல்ல மரியாதை. இப்படியே விட்டா ஏரி வத்தினாலும் ரெண்டும் பேசாது."

கரைப்பக்கமே முதலில் வணக்கம் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. நோட்சு ஒரு வரி சேர்த்தார். உப்புக் கணக்கு மளமளவென்று வந்து விழுந்தது. அம்மாள் சாப்பிடக் கிளம்பினார். நோட்சுவுக்குப் பசிக்கவில்லை. தன்மேல் வெட்கமாக இருந்தது. அட்டையிலிருந்த எண் எப்போதோ மனப்பாடம் ஆகியிருந்தது. போனில் அதை அழுத்தினார்.

ஆறு தடவை மணி அடித்தபின் சிஹாரு எடுத்தாள். எடுத்தவள் பேசவில்லை.

"அப்பா பேசறேன்," என்றார்.

எல்லோருக்கும் போடுகிற வேலையில் தன்னையும் மறக்காமல் அட்டை போட்டதற்கு நன்றி என்று, அலுவலகக் கடிதம் வாசிப்பதுபோல் ஏதோ உளறினார்.

"இந்தக் காலத்துல யாருப்பா எல்லாருக்கும் அட்டை போடறாங்க?" என்றாள் அவள். "மத்தவங்களுக்குப் போன்லயே சொல்லிட்டேன். உங்களுக்குக் கையால எழுத உட்கார்ந்தேன், முடியல. அதான் அச்சடிச்சேன். ஒண்ணே ஒண்ணு."