விழுந்தால்தான் சம்பளம்

கத்தான் கனத்த உடம்புக்காரன். அவன் மின்கோபுரத்தில் ஏறும்போதெல்லாம் கீழே நிற்கும் ஷாகிர், "நீ ஏறினாலே அது சாஞ்சிரும். திருடனுக்கு எதுக்குடா வீண் சிரமம்?" என்பான். இருவரும் லைன்மேன்கள், மீசை முளைத்த வயதில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்களையும் கம்பிச் சுருள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் லாரியை ஓட்டியவன் நான்.

பாக்தாத்துக்குப் போகும் மின்பாதை, ஹம்ரீன் குன்றுகளுக்குக் கீழே எங்கள் ஊர் வயல்களைத் தாண்டிப் போகிறது. அமெரிக்கப் படை வந்து பழைய அரசு விழுந்ததும் முதலில் காணாமல் போனது அந்தக் கம்பிதான். நாங்கள் கட்டுவோம். யாரோ அறுப்பார்கள். மறுபடி கட்டுவோம். சண்டை ஓய்ந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். அதைக் கேட்கத்தான் கரண்ட் இல்லை.

கத்தானின் மனைவி நிதாலுக்கு ஒரே தம்பி மிஷால். பழைய அரசின் படையில் ஹவில்தாராக இருந்தவன். படையையே கலைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அக்கா வீட்டு முற்றத்தில் சிகரெட்டும் கையுமாகக் கிடந்தான். கோபுரங்களைக் காக்கும் பொறுப்பை மேலிடத்தில் எங்கள் குலத் தலைவரான ஷேக்கிடம் கொடுத்தபோது, கத்தான் நாயாய் அலைந்து மச்சினனை அந்தக் காவலில் சேர்த்துவிட்டான்.

அந்தக் கோடையில் கரண்ட் வந்தது. நிதால் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கித் தெருவுக்கே கொடுத்தாள். அவர்களுடைய சின்னப் பெண் ரீம், பேரீச்சம்பாகு தொட்டு அதைக் கடித்துக்கொண்டே அலைந்தாள். கத்தான் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு காவல்காரர்களின் சம்பளம் பாக்தாத்துக்கும் ஷேக் வீட்டுக்கும் நடுவில் எங்கோ நின்றுபோயிற்று. கொஞ்ச நாளில் ஒரு கோபுரம் விழுந்தது. யாரோ வெளியூர்க்காரர்கள் வந்து போனார்கள் என்றார்கள். நாங்கள் போய்ப் பார்த்தோம். காவல் குடிசைக்கு நேர் எதிரே நின்று, சாவகாசமாகக் கோபுரத்தின் காலை அறுத்திருந்தார்கள். பக்கத்திலேயே அவர்கள் குடித்துவிட்டு வைத்த தேநீர்க் குவளைகள்.

கத்தான் மிஷாலைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான். அப்போது நடந்த பேச்சை அவன் என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து.

"ரம்பம் போடுற சத்தம் உனக்குக் கேக்கலியாடா?"

"கேட்டுச்சு மச்சான். நானும்தான் அறுத்தேன்."

"எதுக்கு?"

"அது நின்னா எங்கள யாரு நெனைக்கிறா? விழுந்தாத்தான் சம்பளம் வருது."

அவன் சொன்னது பொய்யில்லை. அடுத்த வாரமே சம்பளம் வந்தது. கத்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண்டாட்டிக்கு ஒரே தம்பி. காட்டிக்கொடுத்தால் அவனுக்குச் சிறை, இல்லாவிட்டால் கத்திக்குத்து.

காவல் விலைக்கு வரும் என்று தெரிந்த பின் வாங்க ஆளா இல்லை? கம்பி திருடர்களுக்குப் பின்னால் ஆயுதக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கம்பி வேண்டாம், அதைக் கட்ட வரும் ஆளின் உயிர் வேண்டும்.

மறுபடி ஒரு கோபுரம் சாய்ந்திருந்தது. பக்கத்துக் கோபுரத்தில் ஏறி, அறுந்த கம்பியை இறக்கும் வேலை. அதில் எப்போதும் கத்தான்தான் முதலில் ஏறுவான். அன்று காலை நிதால், ரீமுக்கு உடம்பு கொதிக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும் என்று வாசலில் மறித்து நின்றாளாம். கத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். நானும் ஷாகிரும் மற்றவர்களும் வேலைக்குப் போனோம். குடிசை காலியாக இருந்தது. "காவல்காரங்களுக்கும் காய்ச்சல் போல," என்றான் ஷாகிர். வாரை இறுக்கிக்கொண்டு ஏறினான். நான் கம்பிச் சுருளை இறக்க லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அதிர்வு, முன்கண்ணாடி முழுவதும் என் மடியில் கிடந்தது. இறங்கி ஓடினேன். கோபுரத்தின் காலில் குண்டு கட்டியிருந்திருக்கிறார்கள். ஷாகிரை லாரியின் தார்ப்பாயில் பொதிந்துதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

துக்க வீட்டில் பெண்கள் பக்கம் நிதால் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஷாகிரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "ரீம் அம்மா, ஒம் புள்ளைக்கு காய்ச்சல் வந்தது அல்லாஹ்வோட கருணைடீ. ஒரு வீடாவது தப்பிச்சுதே."

நிதால் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷன் முன் நின்றாள். பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லை என்றாள். மச்சானை நாளைக்கு வேலைக்கு அனுப்பாதே என்று மிஷால் வந்து சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னாள்.

"ஏன்னு கேட்டியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிருவானோன்னு பயந்துதான் கேக்கல."

கத்தான் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. காவல் நிலையத்துக்கு நடந்தான். மேசைக்குப் பின்னால் புது அதிகாரியாக உட்கார்ந்திருந்தது ஷேக்கின் தங்கை மகன். நலம் விசாரித்து, தேநீர் வரவழைத்தான். கத்தான் குடித்துவிட்டுத் திரும்பினான். அமெரிக்க முகாமுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். "சொன்னா ஊர்ல இருக்கற ஆம்பளைங்க எல்லாரையும் மூஞ்சியில சாக்கு மாட்டி இழுத்துட்டுப் போவாங்க. அதுல மிஷால் மட்டும் இருக்க மாட்டான், பாரு," என்றான்.

அதற்குப் பிறகு அவன் கோபுரம் ஏறவில்லை. எங்கள் பகுதியில் மின்பாதையை எடுத்துக் கட்டவும் யாரும் வரவில்லை. கத்தானும் நிதாலும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். ரொட்டி வைப்பாள்; தின்பான். பேச்சு ரீம் வழியாகத்தான்.

மிஷாலைப் புதுப் போலீஸில் எடுத்துக்கொண்டார்கள். சந்தைக்குப் போகும் வழியில் பாலத்துச் சோதனைச் சாவடியில் நிற்கிறான். போன வாரம் கத்தானை லாரியில் கூட்டிப்போனேன். சாவடியில் நிறுத்தினோம். மிஷால் ஜன்னலருகே வந்தான். பின்னால் அவனுடைய அதிகாரி நின்றிருந்தார்.

"அடையாள அட்டை," என்றான்.

கத்தான் எடுத்துக் கொடுத்தான். மிஷால் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்து, போகலாம் என்று கையசைத்தான்.