தமிழில் கிடந்த எறிகணை

கிளிநொச்சியில் இருந்தபடி ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவைத் தமிழில் சோதிப்பது என் வேலை. வயலில் வெடிக்காத எறிகணையை, ஊரில் சொல்லும் 'செல்'லை, கண்டால் என்ன செய்வது என்று எங்கள் பேச்சிலேயே கேட்டேன். மெல்லத் தூக்கி ஓரமாக வைக்கச் சொன்னது! பதறிப்போய் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன்.

ஆபத்தான பிழைகளை நிறுவனங்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. தமிழில் வந்த பிழையையும் கணக்கில் எடுப்பார்களா என்பதுதான் என் தவிப்பு. நேற்றுப் பதில் வந்தது: அறிவித்துவிட்டார்கள், திருத்தவும் தொடங்கிவிட்டார்கள்!

அம்மா இருக்கும் வட்டக்கச்சிக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தேன். வயல் வரம்பில் நின்றவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"செல்லைக் கண்டா அறிவிக்கிறது வழமைதானே. அதுக்கு ஏன்ரா இந்தத் துள்ளல்?"

"இந்தச் செல் மெசினுக்குள்ள கிடந்ததம்மா!"

"அப்ப ஆரும் கிட்டப் போகாம தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டினியோ?"

"ஓமம்மா, கட்டியாச்சு!"