சுடலைக்கு உத்தரவு இல்லை

என் அக்காள் மாடத்தியின் கணவர் இசக்கியப்பன், தாமிரபரணிக் கரையில் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தவர். எங்கள் நகரசபைக் கட்டடத்தின் சுவர்கள் அவர் சுட்ட சுண்ணாம்பால்தான் வெளுத்திருந்தன. அந்தச் சபையின் பதிவில் அவரைக் குறித்து உள்ளது ஒரே வாக்கியம்: அனுமதியின்றி வழிபாட்டிடம் கட்டியவர். அது சரியன்று. ஆகவே, என்னிடமுள்ள மனு நகல்களை அருகில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

சூளைக்குப் பின்னால், அவருடைய சொந்த நிலத்தில், சுடுகாட்டுக் காவல்தெய்வமான சுடலைமாடனுக்கு ஒரு மண் பீடம் இருந்தது. ஆண்டுதோறும் கொடைத் திருவிழாவுக்கு முன் அதைக் கலைத்து, ஆற்று மண் சேர்த்துக் குழைத்து, புதிதாகப் பிடித்துச் சுண்ணாம்பு பூசுவது அவர்கள் குடும்ப முறை. பழைய பீடத்தில் கொடை கொடுப்பது சாமியைக் கந்தலோடு உட்காரவைப்பது என்பார். கொடையன்று உச்சிவேளையில் சாமி அவர்மேல் வந்து பேசும். மற்ற நாட்களில் அவர் அதிகம் பேசமாட்டார்.

1911ஆம் ஆண்டு, சந்தையை விரிப்பதற்காகச் சுடுகாட்டுப் பாதையை நகரசபை வேலியிட்டு அடைத்தது. அவ்வாண்டுக் கொடையில் சாமி கேட்டது: "என் வழிய அடைச்சவன் யாருலே? என் பிள்ளைகள எங்கன தூக்கிட்டு வருவாக?" கூட்டம் குலவையிட்டது. மறுநாள் சந்தையெங்கும் அதே கேள்வி. திருநெல்வேலிக் கலகம் நடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கூட்டம் கூடினாலே அதிகாரிகளுக்கு உறக்கம் கெட்ட காலம்.

கூட்டத்தில் பேச்சு நடப்பதால், அடுத்த கொடைக்குக் காவல்நிலைய உத்தரவு வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தை நான் எழுதினேன். ஏட்டு அம்பலவாணன் வாங்கிப் பார்த்தார்.

"பேசப்போறவரு பேரு?"

"சுடலைமாடன்" என்றார் அத்தான்.

"வே, வெளாடுதீரா? தகப்பன் பேரச் சொல்லும்."

"ஈசன்."

அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏட்டும் சிரித்தார். ஆனால் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. "சரிவே, என்ன பேசப்போறாருன்னு முன்கூட்டியே எழுதிக் குடும்."

"வந்து பேசினாத்தான தெரியும், அய்யா? பேசி முடிச்சாலும் எனக்குத் தெரியாது. சனந்தான் சொல்லும்."

கொடை நடத்தலாம், சாமி வாக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு வந்தது.

அத்தோடு முடியவில்லை. புதிதாக வழிபாட்டிடம் கட்டுவதற்கு முன்னனுமதி வேண்டும் என்பது எங்கள் நகரசபை விதி. முன்பே உள்ளவற்றை அது தொடாது. பீடத்துக்கு அனுமதி எங்கே என்று அறிவிப்பு வந்ததும், அது தலைமுறைகளாக அங்கேயே உள்ளது என்று மனு எழுதிக் கொடுத்தேன். அதை விசாரிக்க மேற்பார்வையாளர் தாணுமாலையன் வந்தார். கொடை நெருங்கியிருந்தது. பீடம் ஈரமாக நின்றது.

"இது எப்பக் கட்டினது?"

"முந்தாநாத்துப் பிடிச்சேன், அய்யா. பூச்சுகூடக் காயல" என்றார் அத்தான், பெருமையோடு. "புதுசு. பழசுல சாமிய வைப்போமா?"

நான் குறுக்கிட்டேன்: "இடம் பழசு, அய்யா. பீடந்தான் வருஷாவருஷம் புதுசு." மேற்பார்வையாளர் பீடம் புதுசு என்பதை மட்டுமே குறித்துக்கொண்டார்.

சபையின் விசாரணைக்கு முதல் நாள், பழசு என்று மட்டும் சொல்லும்படி அத்தானைக் கெஞ்சினேன்.

"மாப்ளே, நாலு பேருக்கு முன்னால, சாமியக் கந்தலோட உக்காரவச்சேன்னு சொல்லச் சொல்லுதியா?"

மறுநாள் சபையில் ஓர் உறுப்பினர் கேட்டார்: "பழசா, புதுசா? ஒண்ணச் சொல்லும்வே!" புதுசு என்றே அத்தான் சொல்லிவிட்டார். நான் எழுதியிருந்த விளக்கத்தை அதன்பின் எவரும் வாசிக்கவில்லை.

பீடத்தை இடிக்க ஆட்கள் வந்தபோது, கொஞ்சம் பொறுக்கும்படி கேட்டு, அத்தான் அதிலிருந்து பிடிமண் எடுத்துக் கலயத்தில் இட்டுக்கொண்டார். பிடிமண் இருந்தால் வேறிடத்தில் பீடம் பிடிக்கலாம். சுடலையை வீட்டுக்குள் வைப்பதில்லை. ஆதலால் முற்றத்து வேம்பில் கலயத்தை உறியில் தொங்கவிட்டார். நான் கலெக்டருக்கு எழுதினேன். வேறு நிலத்தில் பீடம் பிடிக்கவும் அனுமதி கேட்டேன்.

"வாயத் தொறக்கக்கூடாதுன்னா பீடம் எதுக்கு, மாப்ளே?" என்றார் அத்தான்.

ஆயினும் கொடை நாளில், மட்டமாக்கிய தரையில், சந்தனம் பூசிக்கொண்டு நின்றார். மேளம் முழங்கியது. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. அவர் உடம்பில் ஓர் அசைவும் இல்லை. "வரல" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்கடுத்த ஆண்டு அவர் நிற்கவும் இல்லை.

1914 ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்தார். பாதை அடைபட்டிருந்ததால், சந்தையைச் சுற்றிச் சேற்றில் தூக்கிப்போனோம். வேலியருகே தோள் மாற்ற நின்றபோது, சாமி அன்று கேட்ட கேள்வியை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் வேலியையே பார்த்தோம்.

அக்காள் இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் உறியை இறக்கி அந்த மண்ணில் நீர் தெளிக்கிறாள். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"காஞ்சு போச்சுன்னா உதிந்துரும்லா, தம்பி. உத்தரவு வந்தா எத வச்சுப் பிடிக்க?"

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிடிப்பது யார் என்று நான் கேட்கவில்லை. இந்த ஆண்டுக்கான மனுவை எழுதி அனுப்பிவிட்டேன்.