நாகூர் கனி கட்டிய கட்டு

சூலியா தெருவில் தோளில் கம்பு போட்டுப் பானைகளைச் சுமந்து, நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு விற்ற நாகூர் கனி, கொசு கடித்தாலே ஊரைக் கூட்டுகிற ஆள். பெரியம்மை பரவிய வருஷம், அம்மை குத்திக்கொண்டால் கையே அழுகிவிடும் என்று தெரு முழுக்கக் கதை பரப்பியதும் அவர்தான். அம்மை குத்துகிறவர் ஒரு வாரம் அலைந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை.

எட்டாம் நாள் அவர் நேரே கனியிடமே வந்தார். கனி விவரமானவர். முன்கூட்டியே கையில் மஞ்சள் துணியைச் சுற்றி வைத்திருந்தார்.

“எனக்கு நேத்தே ஆஸ்பத்திரியில குத்தியாச்சுங்க.”

எதிரே வடை விற்ற வடிவம்மாளுக்கு அது கேட்டுவிட்டது. “அடியே, நம்மள பயமுறுத்திட்டு இவரு மட்டும் குத்திக்கிட்டாரு! முள்ளு தச்சாலே மூணு நாளு படுக்கிற மனுசன், கம்முன்னு சோறு விக்கிறாரு. அப்ப வலிக்காதுலா, கையும் அழுகாதுலா!”

அரை மணியில் தெருவே வரிசையில் நின்றது. கடைசி ஆளுக்கும் குத்தி முடித்தவர், நன்றியோடு கனியிடம் வந்தார்.

“எல்லாம் உங்களாலதான். புண்ணு எப்படி இருக்குன்னு பாக்கறேன், அவுருங்க.”

கட்டுக்குள் ஒரு கொசுக்கடிகூட இல்லை.

அடுத்த நிமிஷம் கனி போட்ட கூச்சல் கடற்கரை வரை கேட்டது. நல்லவேளை, அதைக் கேட்டு ஓடுவதற்கு வரிசையில் யாரும் மிச்சமில்லை.