முதுகு காட்டிய ஒன்பது பூக்கள்

ஒரு கிலோ பறவைத் தீனி வாங்கி வந்த அன்று எங்கள் வீட்டில் பறவை ஒன்றுகூடக் கிடையாது. இதற்கு நான் முன்யோசனை என்று பெயர் வைத்தேன். என் மனைவி வேறு பெயர் வைத்தாள். கூண்டு, பறவை, தீனி என்று மூன்று வாங்க வேண்டியிருக்கும்போது கெட்டுப் போகாததை முதலில் வாங்குவதுதான் முறை. முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் அப்படித்தான் யோசிப்பான். தீனி சாகாது, பறவை செத்துப் போகும். இதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பறவை தேவைப்பட்டதற்குக் காரணம் கட்டில். தொண்ணூறுகளின் நடுவில், துணி துவைக்கும் கல்லருகே பாசியில் வழுக்கி விழுந்து என் மனைவி தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். தகடு வைத்து ஆறு திருகாணி போட்டார்கள். ஐந்து என்று முதலில் சொன்ன டாக்டரிடம் எக்ஸ்ரே படத்தைக் காட்டி ஆறு என்று நான்தான் திருத்தினேன். அவருக்கு அது பிடித்ததாகத் தெரியவில்லை. எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், நடக்க வேண்டும் என்றார்.

இவள் நடக்கவில்லை. காலை ஊன்றினால் மளுக்கென்று போய்விடும் என்று பயம். கட்டிலிலிருந்து பக்கத்து நாற்காலிக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு மாறுவாள். அதற்கு மேல் ஓரடி கிடையாது. வாக்கர் மூலையில் நின்றது. அதன் மேல் நான் துண்டு காயப் போட்டேன்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இன்னும் இரண்டு மூன்று மாதம் இப்படியே கிடந்தால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் கட்டில்தான் என்றார். நாளைக்கு மின்சாரம் இருக்காது என்று சொல்வது போன்ற குரலில் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொன்னேன். கெஞ்சினேன், அதட்டினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்தது அவளுக்கு வசதியாக இருந்தது.

கட்டிலை ஒட்டிய ஜன்னல் கிழக்கே பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறடி மண், அதற்கப்பால் காம்பவுண்டுச் சுவர். அவ்வளவுதான் காட்சி. அம்மா பார்ப்பதற்கு ஏதாவது வேண்டும், லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வையுங்கள் என்று சென்னையிலிருந்து மகள் போனில் சொன்னாள். அதன்படி உக்கடம் பறவைக் கடைக்குப் போய், முன்னே சொன்ன முறைப்படி, தீனியை வாங்கி வந்தேன். விஷயம் தெரிந்ததும் இவள் சொன்னாள்.

“நான் ஒருத்தி அடைபட்டுக் கெடக்கறது பத்தாதுங்களா? தொணைக்கு இன்னும் ரெண்டு உசுரை வேற புடிச்சு அடைக்கோணுமா?”

அத்தோடு பறவை முடிந்தது. தீனியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்கார பாய் மரியாதையானவர். என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “வளக்க முடியலைன்னு பறவையத் திருப்பிக் கொண்டாருவாங்க சார். தீனியத் திருப்பிக் கொண்டாந்த ஆளை இப்பத்தானுங்க பாக்கறேன்” என்றார். டீ நன்றாக இருந்தது. பையோடு வீடு திரும்பினேன்.

சுவர்மேல் தூவினால் வெளிப் பறவைகளாவது வரும் என்று நினைத்தேன். எங்கள் தெருக் காக்கைகள் பருப்புச் சாதத்துக்குப் பழகியவை. சுவரில் உட்கார்ந்து தானியத்தைப் பார்த்தன, பிறகு என்னைப் பார்த்தன, போய்விட்டன. மீதியைப் பிரித்துப் பார்த்தேன். தினை, கம்பு, நடுநடுவே வரிபோட்ட சூரியகாந்தி விதை. தினையை எண்ணவில்லை. எனக்கும் எல்லை உண்டு. சூரியகாந்தி மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் ஓட்டை இல்லாத நாற்பதைப் பொறுக்கி, ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு வரிசையாக ஊன்றினேன்.

இதற்குப் பின்னால் விஞ்ஞானம் இருந்தது. சயன்ஸ் வாத்தியார் லீவு போடும்போதெல்லாம் அவருடைய வகுப்பு என் தலையில்தான் விழும். சூரியகாந்தி காலையில் கிழக்கே பார்க்கும், சூரியனோடு திரும்பித் திரும்பி மாலையில் மேற்கே பார்க்கும் என்று எத்தனையோ வகுப்புக்குப் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். அந்தப் படத்தின்படி, மாலையானால் பூக்கள் அத்தனையும் மேற்கே திரும்பி, நேராக என் மனைவியின் ஜன்னலைப் பார்க்கும். பறவை செய்ய வேண்டிய வேலையைப் பறவைத் தீனியே செய்துவிடும்.

நாற்பதில் பதினேழு முளைத்தன. எறும்பும் அணிலும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டதுபோக ஒன்பது நின்றன. சுவரோரம் நான் தூவியிருந்த கம்பு, யாரும் கேட்காமலே செழிப்பாக வளர்ந்தது. செடிக்கு ஊற்றுவது போரிங் உப்புத் தண்ணீர்தான். குடிக்கிற சிறுவாணித் தண்ணீரில் ஒரு சொட்டை அதற்கு ஊற்றினாலும் எழுந்து வந்துவிடுவேன் என்று உள்ளேயிருந்து மிரட்டினாள். அதைக் கேட்டு, அவள் பார்க்கும்படியாக ஒரு குடம் சிறுவாணித் தண்ணீரை நிதானமாக ஊற்றினேன். திட்டு வந்தது. அவள் வரவில்லை.

செடிகள் சுவரைத் தாண்டி வளர்ந்து மொட்டு வைத்தபோதுதான் என் விஞ்ஞானம் பலித்தது. காலையில் கிழக்கே குனிந்திருந்த மொட்டுகள், சாயங்காலம் காப்பி குடிக்கும் நேரத்துக்கு ஒன்பதும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன. முதல்நாள் இவள் கவனிக்காத மாதிரி இருந்தாள். மூன்றாம் நாள் தலைக்கு இன்னொரு தலையணை கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், “வந்துட்டாங்களா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

“என்னையப் பாக்கறதுக்கு ஒம்பது பேரு தெனமும் வாராங்க. உங்க சொந்தத்துல ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தாங்களா?” என்றாள்.

என் சொந்தத்தில் நான்கு பேர் வந்திருந்தார்கள், ஹார்லிக்ஸோடு. அதைச் சொல்லவில்லை. அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது. பூ விரியட்டும், வாக்கரைப் பிடித்து ஜன்னல் வரைக்கும் வந்து நின்று பார்ப்பாயா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். மறுப்பு இல்லாத அந்த ஒரு சொல்லுக்காக வாக்கரிலிருந்து துண்டை எடுத்துவிட்டேன்.

பூ விரிந்தது. சோற்றுத் தட்டு அகலம், நல்ல மஞ்சள், முகம் கிழக்கே. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தோம். திரும்பவில்லை. புதிதாக விரிந்த களைப்பாக இருக்கும் என்று விளக்கம் சொன்னேன். மறுநாளும் திரும்பவில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக விரிந்தன. விரிந்தவை அத்தனையும் கிழக்கே பார்த்து அப்படியே நின்றுவிட்டன. மொட்டாக இருக்கும்வரைதான் திரும்புமாம், முற்றிவிட்டால் கிழக்குதானாம். பின்னாளில் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். அத்தனை வகுப்புக்கு நடத்தும்போது அந்தப் பாதி என் கண்ணில் படவில்லை. உடுமலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சூரியகாந்திக் காடுகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். போனதெல்லாம் காலை பஸ்ஸில்.

ஆக, என் மனைவிக்குக் கிடைத்தது ஒன்பது பச்சை முதுகுகளும் ஒன்பது தடித்த காம்புகளும். முன்பு இருந்த சுவராவது முதுகைக் காட்டவில்லை. அதை அவள் குத்திக்காட்டினாள். தலையணையில் ஒன்றைக் குறைத்தாள். சாயங்காலம் கேட்கும் கேள்வியை நிறுத்தினாள். துண்டு மறுபடி வாக்கருக்குப் போயிற்று.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு பூவின் கழுத்தில் பழைய வேட்டிக் கரையைக் கட்டி, ஜன்னல் கம்பியோடு சேர்த்து, மெதுவாக மேற்கே இழுத்தேன். பாதி தூரம் ஒத்துழைத்தது. பிறகு முறிந்தது. அதை ஒரு சொம்பில் தண்ணீர் விட்டு அவள் தலைமாட்டில் வைத்தேன். “தலைய வெட்டிக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க. கோழிக்கடையாட்ட இருக்குது, எடுத்துட்டுப் போங்க” என்றாள். மீதி எட்டு.

முகங்கள் யாருக்குக் கிடைத்தன என்பதைச் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது மில் சூப்பர்வைசர் வீடு. அவர்கள் வீட்டுப் பின்வாசல் நேராக எங்கள் சுவரைப் பார்த்து இருந்தது. சூப்பர்வைசர் மனைவியும் என் மனைவியும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. காரணம், எங்கள் பக்கம் சாய்ந்திருந்த அவர்களுடைய முருங்கை மரம். இந்த வருஷம் காய் பிடித்ததா என்று அந்த அம்மாள் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டபோது, நாங்கள் பறித்தது மட்டும் நூற்று நாற்பத்தேழு என்று நான் பதில் சொன்னேன். கேட்டதற்குச் சொன்னேன். மறுவாரம் கிளை வெட்டப்பட்டது. இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று இவள் சொன்னாள். இவள் விழுந்து அடிபட்டபோதுகூட அந்த அம்மாள் வரவில்லை. வந்தால் இவள் என்ன சொல்வாளோ என்று பயந்திருக்கலாம். நியாயமான பயம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டுக்குப் பொள்ளாச்சியிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். பின்வாசலில் நின்று பூக்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் மனைவியின் குரல் கணீரென்று இருக்கும். ஜன்னல் திறந்திருந்தது.

“செடி அவிங்களோடதுங்க. ஆனா பாருங்க, எல்லாம் எங்க ஊட்டையேதான் பாக்குது. அந்தப் பக்கம் திரும்பவே மாட்டீங்குது. பூவுக்கே தெரியுதுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். வேண்டாம் என்று இவள் கையைக் காட்டினாள். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. உறவுக்காரர்கள் கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும்வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அப்புறம், அந்த ஊதாச் சேலையை எடுங்கள் என்றாள். எதற்கு என்று கேட்டேன். வாக்கரில் கிடக்கும் துண்டையும் எடுங்கள் என்றாள்.

“எங்க போறே?”

“என்ற பூவப் பாக்கப் போறேன்.”

“அந்த வீட்டுக்கா?”

“அதோட மூஞ்சி அங்கதானுங்களே இருக்குது.”

சேலை மாற்றி, தலை சீவி, பொட்டு வைத்து, எழுந்து நிற்கவே வெகுநேரம் ஆயிற்று. முதல் அடி வைத்தபோது வாக்கர் கிடுகிடுவென்று ஆடியது. நாளைக்குப் போகலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று மாதமாக நான் சொன்னதிலேயே மகா முட்டாள்தனமாக அது இருந்திருக்கும். நல்லவேளை, அவள் முறைத்ததில் வாய் தானே மூடிக்கொண்டது. தட்டில் தளும்பத் தளும்பப் பாயசம் கொண்டுபோகிறவன் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

எங்கள் கேட், தெரு, அவர்கள் கேட். நடுவில் சாக்கடைப் பலகை ஒன்று. பலகையருகே நின்று மூச்சு வாங்கினாள்.

“கொஞ்சம் தள்ளி வாங்க. நீங்க எண்ணறது காதுல உழுகுது.”

அடிகளை வாய்க்குள் எண்ணுவதாகத்தான் நினைத்திருந்தேன். தள்ளிப் போனேன்.

சூப்பர்வைசர் மனைவி கை நிறைய மாவோடு கதவைத் திறந்தார். வாக்கரைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தார்.

“ஏனுங்க்கா… நடந்துங்களா வந்தீங்க?”

“ஆமாம் அம்மணி. எங்க ஊட்டுப் பூ உங்க ஊட்டுல இருக்குதுன்னு காலைல பேசிக்கிட்டாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அந்த அம்மாளின் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. காலையில் பேசியது முழுவதும் கேட்டிருக்கிறது என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. மாவுக் கையோடு இவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பார்த்து வாங்க்கா, இங்கே ஒரு படி இருக்கிறது என்று உள்ளே அழைத்துப் போனார். நானும் படியேறினேன்.

“நீங்க ஊட்டுக்குப் போங்க. கதவு தொறந்து கெடக்குது” என்றாள் என் மனைவி.

ஊதாச் சேலையில் மாவுக் கை பதிந்திருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாததிலிருந்தே நிலைமை கட்டுக்குள் இருப்பதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அவளுடைய கட்டிலில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே எட்டு முதுகுகள். சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம், டம்ளர் சத்தம். பிறகு இவள் குரல், நல்லாத்தான் பூத்திருக்குது என்று. பிறகு பேச்சு. முதலில் செடிகளைப் பற்றி, அப்புறம் காலைப் பற்றி, அப்புறம் வெகுநேரம் என்னைப் பற்றி. முறித்த பூவைப் பற்றியும் எக்ஸ்ரே படத்தைப் பற்றியும் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். அழைத்துவர நான்தான் போக வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். இருட்டுவதற்குள் அந்த அம்மாளே பக்கத்தில் நடந்து கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலம் இவளே வாக்கரைக் கேட்டாள்.

அடுத்த தடவை போனபோது டாக்டர் அவளை நடக்க வைத்துப் பார்த்துவிட்டு, “நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியை ஒழுங்கா செஞ்சிருக்கீங்க” என்றார். இவள், ஆமாங்க டாக்டர் என்றாள். நான் திருத்தவில்லை.

பூக்கள் கருகித் தலை தொங்கிய பிறகும் அந்த நடை நிற்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லையே என்று ஒருநாள் கேட்டேன். உங்களுக்குத் தெரியாது என்றாள்.

மறு வருடம் விதைக்கும் முன் நான் ஒரு தாளில் வீட்டை வரைந்து, திசை குறித்து, அம்பு போட்டு அவளிடம் காட்டினேன். கட்டிலை மேற்கு அறைக்கு மாற்றிவிட்டு, மேற்குச் சுவரோரம் விதைத்தால் பூக்கள் கிழக்கே பார்க்கும். அதாவது நேராக ஜன்னலை. இந்தத் தடவை தப்ப வழியே இல்லை என்று விளக்கினேன். அவள் வாக்கரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தாளை ஒருமுறை பார்த்தாள்.

“படுத்துக்கிட்டே பாக்கறதுக்கு இங்க யாருங்க இருக்கறா? போன வருசம் போட்ட எடத்துலயே போடுங்க.”